தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீரா?

"ஊருக்குப் போய்க் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கிவிட்டோம். தண்ணீர் இன்னும் கலங்கலாக இருக்கிறது. ஈயம் கலந்திருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். சீனாக்காரம் போட்டால் போதுமா?"

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகைக்கு இருந்துகொண்டு, விடுவிக்கப்பட்ட காணியைப் பார்க்க ஊருக்குப் போய்வரும் குடும்பங்களிடையே எழும் கேள்வி இது. பல ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்த கிணற்றில் பழைய பற்றரி, தகரம், எண்ணெய் என்று என்னென்ன விழுந்தன என்பதை யார் அறிவார்? ஆகவே கேள்வி நியாயமானதே.

சீனாக்காரம் என்ன செய்கிறது?

தண்ணீரைக் கலங்கச் செய்யும் களித் துணிக்கைகள் மிக நுண்ணியவை. அவை மறையேற்றம் கொண்டிருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு படியாமல் நிற்கின்றன. சீனாக்காரத்தில் உள்ள அலுமினியத்தின் நேரேற்றம் இந்தத் தள்ளுகையைத் தணிக்கிறது. பஞ்சு போன்ற திரளும் உண்டாகிறது. மெதுவாகக் கலக்கினால் துணிக்கைகள் அதில் ஒட்டி, பாரமாகி, அடியில் படியும். இவ்வாறு செய்யும் பொருட்களைத் திரளாக்கிகள் என்பர். நம் முன்னோர் தேத்தாங்கொட்டையை உரைத்து நீரில் விட்டதும் இதற்காகவே. களனி கங்கை நீரைக் கொழும்புக்குத் தரும் அம்பத்தலை நிலையத்திலும் திரளச் செய்தல், படியவிடல், மணலில் வடித்தல், குளோரீன் இடல் என்பனவே முக்கிய படிகள்.

கரைந்த உலோகம் போகுமா?

களியோடு ஒட்டியிருக்கும் உலோகம் களியோடு போய்விடும். கரைந்திருக்கும் உலோகம் அப்படியல்ல. உப்புக் கரைத்த தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். உப்போ அதில்தான் இருக்கும். ஈயமும் கட்மியமும் அவ்வாறே. அவற்றைப் பிடிக்க முதலில் கரையாத பொருளாக மாற்றவேண்டும். சுண்ணாம்பு இட்டு நீரின் காரத்தன்மையைக் கூட்டினால் உலோகம் வீழ்படிவாகும். பின்னரே திரளாக்கி அதைச் சேர்த்துப் படியவைக்கும். ஒவ்வோர் உலோகத்துக்கும் வேண்டிய காரத்தன்மை வேறு. ஈயத்துக்குப் போதுமான அளவு கட்மியத்துக்குப் போதாது. தோல் பதனிடும் கழிவுநீரிலுள்ள குரோமியத்தை அகற்றுவதும் இம்முறையாலேயே. தமிழ்நாட்டில் பாலாற்றங்கரை மக்கள் இதற்காக வழக்காடினார்கள். கழிவைச் சுத்திகரிக்காத தோல் ஆலைகளுக்கு எதிராக 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வங்காளதேசத்தில் குழாய்க் கிணறுகளில் ஆசனிக்கு இருப்பது 1993இல் கண்டறியப்பட்டது. அதன் பின் அங்கே இரு வாளி முறை கொண்டுவரப்பட்டது. மேல் வாளியில் ஒரு லீற்றருக்கு 200 மில்லிகிராம் அலுமினியம் சல்பேற்றும் 2 மில்லிகிராம் பொற்றாசியம் பரமங்கனேற்றும் இட்டுக் கலக்கிப் படியவிடுவார்கள். பின்னர் கீழ் வாளியிலுள்ள மணலில் வடிப்பார்கள். பரமங்கனேற்று ஆசனிக்கைத் திரளில் ஒட்டக்கூடிய வடிவமாக மாற்றுகிறது. அங்கும் எல்லாக் கிணறுகளிலும் ஒரே பலன் கிடைக்கவில்லை.

வீட்டில் ஏன் நம்பமுடியாது?

குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் குறித்த அளவு லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். அதாவது 100 லீற்றரில் 1 மில்லிகிராம். கண்ணுக்கும் நாக்குக்கும் இது தெரியாது. ஆனால் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். எவ்வளவு இருந்தது, எவ்வளவு போனது என்பதைச் சோதனைச்சாலையில்தான் அறியலாம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உலோகம் போகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு சற்றுக் கூடவும் செய்யும். உரத்தாலும் மலசலகூடக் குழிகளாலும் யாழ்ப்பாணக் கிணறுகளில் சேரும் நைத்திரேற்றும் சீனாக்காரத்துக்கு அடங்காது. கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்தானது.

என்ன செய்யலாம்?

1. குடியேறுமுன் தண்ணீரைச் சோதியுங்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ விசாரியுங்கள். ஈயம், கட்மியம், நைத்திரேற்று என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

2. மாதிரி எடுக்கும் போத்தலைச் சோதனைச்சாலையிலேயே பெறுங்கள். கழுவாத சோடாப் போத்தல் பிழையான முடிவைத் தரும்.

3. முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் எடுங்கள். சுத்தமான கூரையிலிருந்து சேர்த்த மழைநீரைக் கொதிக்கவைத்துப் பயன்படுத்தலாம்.

4. உலோகம் இருக்கக்கூடிய தண்ணீரைத் தெளியவைத்தால், அடியில் படிந்த சேற்றைத் தோட்டத்திலோ கிணற்றருகிலோ கொட்டவேண்டாம். நீங்கள் அகற்றிய நஞ்சு அதில்தான் இருக்கிறது.

5. முடிவை எழுத்தில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த வழக்கில், மின்நிலையத்தை நடத்திய கம்பனி 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும் என்று 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சோதனை அறிக்கைகள் இல்லாமல் அத்தகைய வழக்கில் வாதாட முடியாது.

சீனாக்காரம் கலங்கலை நீக்கும். அது நல்ல உதவி. ஆனால் கிணறு தெளிந்துவிட்டது என்பதற்காக, சோதிக்காமல் பிள்ளைக்கு ஒரு குவளை வார்த்துக் கொடுக்காதீர்கள்.