ஷேர் ஆட்டோவில் அடிபட்டவருக்கு நஷ்டஈடு

நடவுக் கூலிக்குச் சென்ற ஸ்திரீகளை ஏற்றிய வண்டி கவிழ்ந்து பலருக்குக் காயம் என்னும் செய்தி, பத்திரிகைகளின் ஒரு மூலையில் நாலு வரியாக வெளியாவதை வாசகர்கள் கண்டிருப்பார்கள். காயம் பட்டோர் தஞ்சை வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர், போலீஸார் வழக்குப் பதிவு செய்து விசாரிக்கின்றனர் என்பதோடு செய்தி முடிந்துவிடும். அதன் பிறகு அந்த ஸ்திரீகள் என்ன ஆனார்கள்? முறிந்த காலுக்கு யார் ஈடு கொடுத்தார்கள்? இதைக் கேட்பாரும் இல்லை, எழுதுவாரும் இல்லை. ஆகையால் இன்று இவ்விஷயத்தை எடுத்துக்கொள்ளுகிறோம்.

ஒரே வண்டியில் பலர் சேர்ந்து கூலி கொடுத்துச் செல்லும் வழக்கம் கைத்தொலைபேசியில் விரல் வைத்து வண்டி வரவழைக்கும் பட்டணத்தாருக்கு மட்டும் உரியதென்று நினைப்பது தவறு. ஓலா கம்பெனி 2010-ல் தோன்றியது. ஊபர் 2013-ல் பெங்களூருக்கு வந்தது. அதற்கு வெகு காலம் முன்னமேயே நம் ஜில்லாவில் ஷேர் ஆட்டோ ஓடிற்று. வேனில் ஆள் சேர்த்து ஏற்றினார்கள். இப்பொழுது சாமான் ஏற்றும் சிறு லாரியாகிய ‘குட்டி யானை’யின் பின்புறத்தில் இருபது பேர் நின்றுகொண்டு போகிறார்கள். முன்காலத்தில் பண்ணையாள் தன் மிராசுதாரின் நிலத்தருகிலேயே குடியிருந்தான். வேலைக்கு வண்டி வேண்டியதில்லை. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நாளடைவில் அந்த முறையே மறைந்தது. அது மறைந்தது நன்றே. ஆனால் இன்று நடவு காண்டிராக்டாகிவிட்டது. குறுவைக்கும் சம்பாவுக்கும் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஆட்கள் பாபநாசம் பக்கம் போகிறார்கள். விடியற்காலம் ஐந்து மணிக்குப் பஸ் ஏது? வெண்ணாற்றங்கரையிலும் வெட்டாற்றங்கரையிலும் சாலையோ ஒடுக்கம். அறுவடைக் காலத்தில் அதிலும் பாதியை நெல் காயப்போட்டு அடைத்துவிடுகிறார்கள்.

மோட்டாரில் அடிபட்டவன் நஷ்டஈடு பெறும் உரிமை நமது நாட்டில் மெதுவாகவே வந்தது. 1855-ம் வருஷத்துச் சட்டம் இறந்தவன் குடும்பத்தாருக்கு மட்டும் வழி காட்டிற்று. மற்றவர் சிவில் கோர்ட்டில் பிராது கொடுத்து வருஷக்கணக்கில் அலைய வேண்டியதே. 1939-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் மனிதருக்கான இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கிற்று. அப்பகுதி அமலுக்கு வந்ததோ 1946 ஜூலையில்தான். நஷ்டஈட்டுத் தீர்ப்பாயம் என்னும் தனிக் கோர்ட்டு 1956-ம் வருஷத்துத் திருத்தத்தால் பிறந்தது. இப்போது நடப்பில் இருப்பது 1988-ம் வருஷத்துச் சட்டமும் அதற்கு 2019-ல் செய்யப்பட்ட திருத்தமும். இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்றவுடன், எந்த வண்டியில் அடிபட்டாலும் கம்பெனி பணம் கொடுக்கும் என்று ஜனங்கள் நம்புகிறார்கள். அங்கேதான் ஏமாற்றம் ஆரம்பமாகிறது.

முதலில் ஷேர் ஆட்டோவை எடுத்துக்கொள்வோம். பெர்மிட்டில் குறித்த தொகைக்கு மேல் ஆள் ஏற்றாத ஷேர் ஆட்டோவை நாம் பார்த்ததில்லை. வண்டி கவிழ்ந்தால் கம்பெனியின் பொறுப்பு இன்ஷூரன்ஸில் கண்ட தலைகளின் எண்ணிக்கையோடு நின்றுவிடும் என்று 2007-ல் அஞ்சனா சியாம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதிகப்படியான தீர்ப்புத் தொகைகளை அந்த எண்ணிக்கை அளவுக்கு எடுத்துக் கூட்டி, அந்த மொத்தத்தைக் கம்பெனி கட்ட வேண்டும். அதை அடிபட்ட எல்லோருக்கும் விகிதப்படி பிரித்துக் கொடுக்க வேண்டும். மிச்சத்தை வண்டிக்காரனிடம் வசூலிக்கலாம். ஏற்றியவன் செய்த குற்றத்துக்கு ஏறியவர்கள் தங்கள் பங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டியதாகிறது. கடன் வாங்கி ஆட்டோ ஓட்டுகிறவனிடம் மிச்சத்தை வசூலிப்பது எப்படி என்பதைத் தீர்ப்பு சொல்லவில்லை.

குட்டி யானையின் கதை இதனினும் பரிதாபம். சாமான் வண்டியில் கூலி கொடுத்தோ கொடாமலோ ஏறிய பிரயாணிக்குக் கம்பெனி ஜவாப்தாரி அல்ல என்று 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் முடிவாயிற்று. 1994-ம் வருஷத்துத் திருத்தத்தின்படி சாமானின் சொந்தக்காரனுக்கும் அவனால் அதிகாரம் பெற்ற பிரதிநிதிக்கும் மட்டும் பாதுகாப்பு உண்டு. இதன் பொருள் யாது? நெல் மூட்டையோடு கொள்முதல் நிலையத்துக்குப் போகும் மிராசுதார் அடிபட்டால் கம்பெனி கொடுக்கும். அந்த நெல்லை நட்டு அறுத்த கூலிக்காரி அதே வண்டியில் அடிபட்டால் கொடாது! டிராக்டர் பெட்டியில் சென்ற தொழிலாளி விஷயத்திலும் 2007-ல் பிரிஜ் மோகன் வழக்கில் இதே தர்க்கம் வென்றது. ஆயினும், கம்பெனி முதலில் கொடுத்துவிட்டுப் பின்னர் உடைமையாளனிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று அதே வழக்கில் நீதிபதிகள் ஏழைத் தொழிலாளிக்கு இரங்கினர். 2017-ல் வேறொரு வழக்கிலும் இந்த வழியே அனுசரிக்கப்பட்டது. ஆனால் இரக்கம் சட்டம் ஆகாது. ஒரு கோர்ட்டில் கிடைப்பது மற்றொன்றில் கிடைப்பதில்லை. ஆகவே மனுவிலேயே இந்தப் பிரார்த்தனையைத் தவறாமல் எழுத வேண்டும். எழுதாத வக்கீல்களும் இருக்கிறார்கள்.

பெர்மிட் இல்லாத வண்டி என்றாலும் இவ்விதமே, கொடுத்து வசூலித்துக்கொள்ளும் உத்தரவை 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. டிரைவருக்கு வாடகை வண்டிக்கான தனி லைஸென்ஸ் இல்லை என்று கம்பெனிகள் சொல்லிவந்த ஆட்சேபம், 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிகளைப் பொறுத்தவரை, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சின் தீர்ப்பால் அடங்கிற்று. இது நமக்கு நல்ல செய்தி. இருசக்கர வண்டியின் பின்னால் அமர்வோர் மட்டும் ஜாக்கிரதையாய் இருக்க வேண்டும். சட்டம் கட்டாயமாக்கிய குறைந்தபட்சப் பாலிஸியில் அவர்களுக்கு இடமில்லை என்று 2006-ல் தீர்ப்பாயிற்று. முழுப் பாலிஸி இருந்தால்தான் உண்டு. சொந்த உபயோகத்துக்கென்று வாங்கிய பாலிஸியை வைத்துக்கொண்டு வாடகைக்கு ஓட்டினால், அந்த முழுப் பாலிஸியிலும் கம்பெனி தகராறு கிளப்பும்.

தொலைபேசியில் வண்டி அனுப்பும் கம்பெனிகளோ, வண்டி எங்களுடையதன்று, டிரைவர் எங்கள் ஆளல்லன், நாங்கள் இருவரையும் சந்திக்க வைப்பவர்களே என்று எங்கும் சொல்லிவந்தன. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் 2013-ம் வருஷக் கடைசி இரவில், பிரயாணியை எதிர்பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்த இத்தகைய வண்டியொன்று ஒரு சிறு பெண்ணைக் கொன்றது. வண்டியில் அப்போது பிரயாணி இல்லையே என்று வாதம் எழுந்தது. அதன் பின் கலிபோர்னியா ராஜ்யம் 2014-ல் சட்டம் செய்தது: டிரைவர் ஒரு சவாரியை ஏற்றுக்கொண்ட நிமிஷம் முதல் இறக்கிவிடும் வரை பத்து லட்சம் டாலர் இன்ஷூரன்ஸ் இருக்க வேண்டும், காத்திருக்கும் நேரத்துக்கும் ஒரு குறைந்த தொகை வேண்டும். நமது நாட்டில் 2019-ம் வருஷத்துத் திருத்தம் இக்கம்பெனிகள் லைஸென்ஸ் பெற வேண்டும் என்றது. மத்திய சர்க்கார் 2020-லும் பிறகு 2025 ஜூலையிலும் வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. பிந்திய விதிகளில் பிரயாணிக்குக் குறைந்தது 5 லட்ச ரூபாய் இன்ஷூரன்ஸ் சொல்லப்பட்டிருக்கிறது. வழிகாட்டு விதி என்பது ராஜ்ய சர்க்கார் எடுத்து அமல் செய்தாலன்றி உயிர் பெறாது. அன்றியும் ஐந்து லட்சத்தை ஆஸ்பத்திரி ஒரு மாதத்தில் விழுங்கிவிடும் காலம் இது.

தொகையைக் கணக்கிடும் விதம் பற்றியே ஜனங்களுக்கு அதிகத் தெளிவு வேண்டியிருக்கிறது. நாற்பத்திரண்டு வயதுள்ள நடவுக்காரி ஒருத்திக்கு முழங்கால் உடைந்தது என்று வைத்துக்கொள்வோம். வைத்தியக் குழுவார் நூற்றுக்கு 40 பங்கு ஊனம் என்று சான்றிதழ் கொடுக்கிறார்கள். கம்பெனி வக்கீல் உடனே, சம்பாத்திய நஷ்டமும் 40 பங்கே என்கிறார். இது தவறு என்று 2010-ல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கமாகச் சொல்லியிருக்கிறது. உடம்பின் ஊனம் வேறு, அவர் செய்யும் தொழிலுக்கு அதனால் வந்த நஷ்டம் வேறு. நாற்காலியில் அமர்ந்து கணக்கெழுதுபவருக்கு முழங்கால் விறைத்தால் தொழில் போகாது. சேற்றில் குனிந்து பின்னோக்கி நடந்து நாற்று நடுபவளுக்குப் போனது அவளுடைய தொழில் முழுவதுமே அல்லவா? மாதம் 9,000 ரூபாய் வருமானம் என்று கொண்டால், அவள் வயதுக்கு உரிய எதிர்கால உயர்வு நூற்றுக்கு 25. சரளா வர்மா வழக்கின் அட்டவணைப்படி பெருக்கும் எண் 14. 40 பங்கு என்று கணக்கிட்டால் 7,56,000 ரூபாய். தொழில் நஷ்டம் 80 பங்கு என்று நிரூபித்தால் 15,12,000 ரூபாய். ஒரு கேள்வியை டாக்டரிடம் கோர்ட்டில் கேட்பதா, கேட்காமல் விடுவதா என்பதில் பாதித் தொகை அடங்கியிருக்கிறது. வைத்தியச் செலவு, வலி, துணைக்கு இருந்தவரின் செலவு ஆகியவை இதற்கு மேற்பட்டவை.

வருமானத்துக்கு ரசீது எங்கே என்று கேட்பார்கள். அன்றாடக் கூலிக்கு ரசீது கொடுக்கும் காண்டிராக்டர் காவிரிக் கரையில் இன்னும் பிறக்கவில்லை. கூலித் தொழிலாளியிடம் அத்தாட்சிப் பத்திரம் எதிர்பார்க்கலாகாது என்று 2011-ல் ராமசந்திரப்பா வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. மாதம் 4,500 ரூபாய் என்று அவர் சொன்னதையே நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள்.

இனிக் காலக்கெடு. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்னும் விதி 2022 ஏப்ரல் முதல் மீண்டும் வந்துவிட்டது. அதன் நியாயம் உச்ச நீதிமன்றத்தின் முன் சென்றிருக்கிறது. அதை நம்பி ஒருவரும் உட்கார்ந்திருக்க வேண்டாம். போலீஸார் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அடிபட்டவருக்கு அவருடைய உரிமைகளை எழுதிய தாள் பத்து நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். அந்தத் தாளைக் கையில் வாங்கியவர் எத்தனை பேர் என்று நமது தொண்டர்கள் தங்கள் கிராமத்தில் விசாரித்துப் பார்க்கட்டும்.

மற்றொரு கண்ணி இருக்கிறது. யாருடைய தவறு என்று நிரூபிக்காமலே பலத்த காயத்துக்கு 2½ லட்சமும், மரணத்துக்கு 5 லட்சமும் பெறலாம் என்று சட்டத்தின் 164-ம் பிரிவு சொல்லுகிறது. கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் கம்பெனியோடு சமரசமாக அதை ஏற்றுக்கொண்டால், முழு நஷ்டஈடு கேட்கும் மனு காலாவதியாகிவிடும். ஆஸ்பத்திரிப் படுக்கையருகே பேனாவோடு வரும் தரகர் இதைச் சொல்லுவதில்லை. மேற்கண்ட நடவுக்காரி இரண்டரை லட்சத்துக்குக் கைநாட்டு வைத்தால், அவள் இழப்பது பன்னிரண்டு லட்சத்துக்கு மேல். இத்தகைய தரகர்கள் கையில் சிக்குவதற்குக் காரணம் அவசரச் செலவே. இன்னுயிர் காப்போம் என்று ராஜ்ய சர்க்கார் 2021 டிசம்பரில் ஆரம்பித்த திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2025 மே மாதம் வெளியான மத்தியத் திட்டத்தில் ஏழு நாட்களுக்கு 1½ லட்ச ரூபாய் வரை உண்டு. இவற்றை முதலில் கேட்டு வாங்கினால் தரகரிடம் கடன்பட வேண்டியதில்லை. ஸ்திரீகளுக்கும் ஹரிஜனங்களுக்கும் வருமானம் பாராமல் வக்கீலை இலவசமாக ஏற்படுத்திக் கொடுக்க 1987-ம் வருஷத்துச் சட்டம் கடமைப்படுத்துகிறது. ஜில்லாக் கோர்ட்டிலுள்ள சட்டப் பணிகள் குழுவில் கேட்கலாம். மனுவை அடிபட்ட இடத்தில்தான் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை; தாம் குடியிருக்கும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலும் கொடுக்கலாம்.

ஆனால் இதிலும் ஒரு விசித்திரம். தஞ்சை ஜில்லாவின் அப்பீல்கள் 2004-ல் ஏற்பட்ட மதுரைக் கிளைக்குப் போகின்றன. திருவாரூர், நாகப்பட்டினத்தின் அப்பீல்கள் சென்னைக்குப் போகின்றன. அம்மாப்பேட்டைக்காரியும் நீடாமங்கலத்துக்காரியும் ஒரே வண்டியில் பக்கத்துப் பக்கத்தில் நின்று, ஒரே பள்ளத்தில் விழுந்து, அவரவர் ஜில்லாவில் மனுக் கொடுத்தால், கம்பெனி அப்பீல் செய்யும்போது ஒருத்தி மதுரைக்கும் மற்றொருத்தி சென்னைக்கும் வக்கீல் தேட வேண்டும். ஆகையால் ஒரே வண்டியில் அடிபட்டவர்கள் எல்லோரும் கலந்து பேசி, ஒரே தீர்ப்பாயத்தில் சேர்ந்து மனுக் கொடுக்கும்படி செய்வது விவசாயத் தொழிலாளர் சங்கத்தாரின் கையில் இருக்கிறது. அதற்கு அவர்கள் ஆறாம் மாதம் வரை காத்திராமல், முதல் வாரத்திலேயே எப்.ஐ.ஆர். நகலோடும் ஆஸ்பத்திரிக் காயச் சான்றிதழோடும் புறப்பட வேண்டும்.