யூக்கலிப்டஸ் மரமும் உங்கள் வயலும்

பல்லேபொலக் கமக்காரர்களே! விறகுக்கும் கம்பத்துக்குமாக யூக்கலிப்டஸ் நட விரும்பினால், குளிரான மலைநாட்டுக்குரிய கிராண்டிஸ் இனம் உங்களுக்கு உதவாது. வறட்சி தாங்கும் கமால்டுலென்சிஸ் இனத்தையே தெரிந்தெடுங்கள். வெட்டிய அடிமரம் மீண்டும் துளிர்க்கும். ஆயினும் அதன் தாயகம் ஆஸ்திரேலிய ஆற்றங்கரை என்பதை மறவாதீர்கள். வேர் ஈரத்தைத் தேடி ஓடும். வயல் வரம்பிலும், கிணற்றருகிலும், மரக்கறிப் பாத்தியின் ஓரத்திலும் நடுதல் ஆகாது. பயிர் செய்யாத மேட்டு நிலமே அதற்கு இடம்.

வீட்டு உணவுக்கு இம்மரத்தால் கிடைப்பது தேன் ஒன்றே. பண்டாரவளைப் பகுதியில் தேனீ வளர்ப்போருக்கு யூக்கலிப்டஸ் பூக்குங் காலமே அறுவடைக் காலம். இலையைக் கஷாயமாகக் காய்ச்சிக் குடிப்போரும் உளர், அது வேண்டாம். தைலமோ இன்னும் கொடியது. சில மில்லிலீற்றர் உட்சென்றாலே குழந்தைக்கு வலிப்பும் மயக்கமும் உண்டாகலாம். போத்தலைக் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். தவறி விழுங்கினால் வாந்தியெடுக்கச் செய்யாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.