தேய்ந்த முழங்காலுக்குச் சைக்கிள்

மலாக்கா மாநிலத்தின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்னும் வர்த்தகர் 1896-ஆம் ஆண்டில் ரப்பர் கன்றுகளை வியாபாரப் பயிராக நட்டு, அடுத்த சில ஆண்டுகளில் புக்கிட் அசகானில் அதைப் பெருந்தோட்டமாக விரிவாக்கிய காலந்தொட்டு, மலாயாவின் செல்வம் என்று பேசப்பட்ட அந்த வெண்பாலை மனிதரின் முழங்கால்களே சுமந்து வந்தன. மரத்தின் பட்டையில் வெட்டு மேலிருந்து தொடங்கி ஆண்டுக்காண்டு கீழிறங்குமாதலால், வெட்டு அடிமரத்தை நெருங்கிய நிரைகளில் பால் வெட்டுபவர் ஒவ்வொரு மரத்தடியிலும் குந்தி உளியை ஓட்டி, எழுந்து, அடுத்த மரத்துக்கு நடந்து, மறுபடியும் குந்தி, இருட்டில் தொடங்கிய வேலையை வெயில் ஏறுமுன் முடித்து, பிறகு காண்டா என்னும் காவடித்தடியைத் தோளிலேற்றி, நிறைந்த வாளிகளுடன் மேட்டிலும் பள்ளத்திலும் ஸ்டோர் வரை நடந்தார். முழங்காலை அடிக்கடி மடக்குவதும் பாரம் சுமப்பதும் ஒருசேர அமைந்த தொழிலில் நெடுங்காலம் இருந்த ஆண்களுக்குப் பிற்காலத்தில் முழங்கால் மூட்டுத் தேய்மானம் அதிகமாகக் காணப்படுகிறது என்று அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் நகர மக்களை ஆராய்ந்த வைத்தியர்கள் 1991-இல் எழுதினார்கள். அவர்கள் ஆராய்ந்தது வேறொரு தேசத்தாரை. ஆயினும் அவர்கள் விவரித்த தொழில் நம் தோட்டத்து மக்களின் தொழிலே என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தத் தலைமுறையினரில் பலர் இன்று தோட்டத்தையும் லயத்தையும் விட்டு வெளியேறி, அலோர் காஜா, ஜாசின், மெர்லிமாவ் பக்கத்துத் தாமான் வீடுகளிலும், தெங்கேராவிலிருந்து கிளேபாங் நோக்கிச் செல்லும் சாலையை ஒட்டிய தெருக்களிலும் பிள்ளைகளோடு வசிக்கிறார்கள். காலையில் எழுந்தவுடன் முட்டி பிடித்துக்கொள்வதும், படியிறங்கும்போது சுவரைப் பற்றுவதும், தரையில் அமர்ந்தால் எழுவதற்கு ஒருவர் கைகொடுக்க வேண்டியிருப்பதும் அவர்களுடைய நித்திய அனுபவம். "முட்டி தேஞ்சு போச்சுல்ல தாத்தா, இனிமே சைக்கிளைத் தொடாதீங்க, சும்மா உக்காருங்க" என்று பேரப்பிள்ளைகள் சொல்வது அன்பினால்தான். ஆனால் டயர் ஓட ஓடத் தேய்வதைப்போல மூட்டும் அசைய அசையத் தேயும் என்ற எண்ணம் அந்த அன்பின் அடியில் கிடக்கிறது. அதைத்தான் நாம் மாற்றிக்கொள்ள வேண்டும். டயருக்கு உயிரில்லை, மூட்டுக்கு உயிருண்டு.

தொடையெலும்பின் நுனியையும் கீழ்க்கால் எலும்பின் தலையையும் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு சில மில்லிமீட்டர் கனமுள்ளது. அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர். இரத்தக் குழாயோ நரம்போ அதனுள் இல்லை. அப்படியானால் அது எதை உண்டு உயிர் வாழ்கிறது என்று கேட்டால், மூட்டுறைக்குள் ஊறும் வழுவழுப்பான திரவத்திலிருந்தே அது தன் ஆகாரத்தைப் பெறுகிறது. கால் மடங்கி நிமிரும்போது அழுத்தம் ஏறியும் தளர்ந்தும் வருவதால் அத்திரவம் உள்ளே சென்று வெளியேறுகிறது. மூட்டை அசைக்காமலே வைத்திருப்பது அதைப் பட்டினி போடுவதாகும். அழிந்த குருத்தெலும்பு பழையபடி வளர்வதில்லை என்று லண்டன் உடற்கூற்று அறிஞர் வில்லியம் ஹண்டர் 1743-இல் எழுதியது பெரும்பாலும் இன்றும் உண்மையே. ஆகவே சைக்கிள் மிதித்தால் தேய்ந்தது திரும்பி வளரும் என்று நான் யாருக்கும் ஆசை காட்டமாட்டேன். ஆயினும் வலி என்பது குருத்தெலும்பின் கணக்கு மாத்திரமன்று. எக்ஸ்ரே படத்தில் மிகவும் தேய்ந்திருக்கும் மூட்டோடு சுகமாக நடமாடுபவர்களும் உண்டு. சொற்பத் தேய்மானத்தோடு துன்பப்படுபவர்களும் உண்டு. தொடையின் முன்தசை வலுவாக இருந்தால் மூட்டின் பாரத்தில் ஒரு பங்கை அது ஏற்றுக்கொள்ளும். வலிக்குப் பயந்து உட்கார்ந்துவிட்டாலோ முதலில் மெலிவது அந்தத் தசைதான்.

சைக்கிளின் விசேஷம் இங்கேதான் விளங்குகிறது. பெர்லின் நகரத்துச் சாரிட்டே மருத்துவமனையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், மாற்று மூட்டுக்குள்ளேயே அளவைக் கருவியைப் பொருத்தி, அது கம்பியில்லாமல் அனுப்பும் செய்தியைக் கொண்டு, உயிருள்ள மனிதரின் முழங்காலில் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று நேராகவே கண்டறிந்தார்கள். சமதரையில் நடக்கையில் உடல் எடையைப்போல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேலும், படியிறங்குகையில் ஏறக்குறைய மூன்றரை மடங்கும் இறங்கிய அந்தப் பாரம், 60 வாட் என்ற மிதமான உழைப்பில் நிலைச்சைக்கிள் மிதித்தபோது உடல் எடைக்குச் சற்றே அதிகமாக மாத்திரம் இருந்தது என்று 2012-இல் அவர்கள் வெளியிட்டார்கள். 60 கிலோ எடையுள்ள ஒரு மூதாட்டியை எண்ணிக்கொள்ளுங்கள்: நடக்கையில் 150 கிலோவுக்கு மேலும், படியிறங்குகையில் 200 கிலோவுக்கு மேலும் தாங்கும் அவருடைய முழங்கால், சைக்கிளில் 70 கிலோ அளவையே தாங்குகிறது. சரீரத்தின் பாரத்தைச் சீட் வாங்கிக்கொள்ள, மூட்டு மட்டும் மடங்கி நிமிர்ந்து தன் ஆகாரத்தைத் தேடிக்கொள்கிறது. அதிலும் எதிர்ப்பைக் குறைத்துக்கொண்டு சற்று விரைவாகச் சுற்றினால் பாரம் இன்னும் தணியும். கனமான கியரில் மெல்ல அழுத்தி மிதிப்பதே மூட்டுக்குச் சிரமம்.

மூட்டுத் தேய்மானமுள்ள முதியவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைக் கடுமையாகவும் மற்றவரை மென்மையாகவும், வாரத்தில் மூன்று நாள் 25 நிமிடம் வீதம் பத்து வாரங்கள் நிலைச்சைக்கிள் மிதிக்கச் செய்த அமெரிக்க ஆராய்ச்சியொன்று 1999-இல் வெளிவந்தது. இரு சாராருக்கும் வலி குறைந்து நடை தேறியது. கடுமையாக மிதித்தவர் தனி லாபம் எதையும் பெறவில்லை. வயதானவர்களுக்கு இதைவிட ஆறுதலான செய்தி இல்லை. 2024-இல் வெளியான மற்றோர் ஆய்வு 2,600-க்கும் மேற்பட்டவர்களிடம் அவர்களுடைய வாழ்நாள் சைக்கிள் பழக்கத்தை விசாரித்து, எந்தப் பருவத்திலாவது சைக்கிள் ஓட்டியவர்களிடம் அடிக்கடி வரும் முழங்கால் வலி 17 சதவீதம் குறைவாக இருந்ததைக் காட்டிற்று. நினைவை நம்பிய விசாரணை அது. மூட்டு நன்றாயிருந்ததனால்தான் அவர்கள் ஓட்டினார்களோ என்ற சந்தேகமும் எழலாம். ஆகையால் இதைத் துணைச்சாட்சியாக மட்டுமே கொள்கிறேன்.

இனி, நம் பெரியவர்கள் சைக்கிளில் அமரும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். நிற்கும்போது இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்ற முன்ஜாக்கிரதையால் சீட்டை அடிவரை இறக்கிவிட்டு, பாதத்தின் நடுவையோ குதிகாலையோ பெடலில் வைத்து, முழங்கால்கள் இருபுறமும் விரிய அவர்கள் மிதிப்பார்கள். பெடல் மேலே வரும்போது அந்தத் தாழ்ந்த சீட்டில் முழங்கால் மிகவும் மடங்குகிறது. அந்நிலையில் அழுத்தி மிதிக்கும்போது முட்டிச்சில்லு தொடையெலும்பின் மேல் இறுகுகிறது. ஐந்து நிமிடத்தில் முட்டியின் முன்புறம் வலிக்கிறது. சைக்கிள் ஆகாது என்ற தீர்ப்பும் அன்றே எழுதப்பட்டுவிடுகிறது. குற்றமோ சீட்டின் உயரத்தில் இருக்கிறது. ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, பெரியவர் ஏறியமர்ந்து, பெடலை அடியெல்லைக்குக் கொண்டுபோய், அதில் குதிகாலை வைக்கும்போது கால் நேராக நிமிர வேண்டும். அதன்பின் பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால் முழங்காலில் 25 முதல் 30 பாகை வரையான இலேசான மடிப்பு தானாகவே அமையும். இதை ஒரே நாளில் செய்தால் தரை எட்டாமல் பயம் வரும். ஒரு விரற்கடை அளவாகச் சில நாட்களில் உயர்த்திக்கொண்டு போவதே விவேகம். முட்டியின் முன்புறம் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கிறது என்றும், பின்புறம் இழுத்துப் பிடித்தால் அளவுக்கு மீறி உயர்ந்துவிட்டது என்றும் பொதுவாகக் கொள்ளலாம். காலைத் தூக்கிப் போட இயலாதவர்களுக்குக் குறுக்குக் கம்பியில்லாத லேடீஸ் சைக்கிள் நல்லது. முழங்கால் ஒரு முழுச் சுற்றுக்கு மடங்கவே மறுத்தால், நிலைச்சைக்கிளில் அரைச்சுற்று முன்னும் பின்னுமாக ஆட்டிப் பழகினாலும் பிரயோஜனமுண்டு.

முட்டி சூடாக வீங்கியிருந்தாலும், நடுவில் பூட்டிக்கொண்டாலும், காய்ச்சல் கூடவே இருந்தாலும் சைக்கிளை விட்டு வைத்தியரைப் பார்க்க வேண்டும். மிதித்தபின் எழும் வலி மறுநாளும் தணியாவிட்டால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். சைக்கிள் எலும்பைத் திடப்படுத்துவதில்லையாதலால் கொஞ்ச தூரம் நடப்பதையும் விடலாகாது. லாரிகள் விரையும் பெரிய சாலையில் முதியவர் ஓட்டுவதை நான் விரும்பவில்லை. தாமானின் உட்தெருக்களில் காலை வேளையில் இடமிருக்கிறது, நிலை தடுமாறுபவர்களுக்கு மூன்று சக்கரச் சைக்கிளும் இருக்கிறது.

மலேசிய சுகாதார அமைச்சு 2013-இல் திருத்தி வெளியிட்ட மூட்டுத் தேய்மான வைத்திய வழிகாட்டி, தேகப்பயிற்சிக்கும் எடைக் குறைப்புக்கும் மருந்துக்கு முந்திய இடம் தருகிறது. ஒரு கிலோ எடை குறைந்தால் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் ஏறக்குறைய நான்கு கிலோ பாரம் குறைகிறதென்று 2005-இல் அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று கண்டது. பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடலாம் என்று வீட்டின் பின்புறம் சாத்தி வைத்திருக்கும் சைக்கிளை, பிள்ளைகளே, கடைக்கு எடுத்துப் போய் பிரேக்கையும் டயரையும் சரிபார்த்து, சீட்டை உயர்த்தி, தாத்தாவையும் பாட்டியையும் நீங்களே பிடித்து ஏற்றிவிடுங்கள். முதல் வாரம் கூடவே செல்லுங்கள்.