கோஹா வந்துவிட்டது, யார் பார்த்துக்கொள்வது?

நியூஸிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளையின் பழைய நூலக மேலாண்மை மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்ற நிலை 1999இல் வந்தது. புதிதாக ஒன்றை விலைக்கு வாங்காமல், கட்டிப்போ என்ற நிறுவனத்துக்குப் பணம் கொடுத்துத் தங்களுக்கென ஒன்றை எழுதவைத்தார்கள். 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்த அந்த மென்பொருள்தான் கோஹா. பிறகு அதைத் திறமூலமாக உலகுக்கே கொடுத்துவிட்டார்கள். ஆகவே, முதல் நூலகமே நிரலாளர்களின் உழைப்புக்குக் கூலி கொடுத்துத்தான் கோஹாவைப் பெற்றது. உரிமக் கட்டணம் இல்லை என்பதை மட்டும் பார்த்துக் கோஹாவுக்கு மாறுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

நிறுவுவது பெரிய வித்தை இல்லை. டெபியன் அல்லது உபுண்டு லினக்ஸ் தெரிந்த ஒருவர் செய்துவிடுவார். அதன்பின் மே, நவம்பர் என ஆண்டுக்கு இருமுறை புதிய பதிப்பு வரும். இடையில் பிழைத்திருத்தங்களும் வரும். தொடாமல் விட்டுவைத்தால் பாதுகாப்பு ஓட்டைகள் சேரும், பிந்திய பதிப்புக்குத் தாவுவதும் கடினமாகும். நூல் பகுப்பில் தேர்ந்த நூலகரிடம் இந்தச் சர்வர் வேலையையும் சுமத்துவது நியாயமில்லை. ஆர்வமுள்ள ஒருவரை நம்பித் தொடங்கும் நூலகத்தில், அவர் இடமாற்றலாகிப் போனால் எல்லாம் நின்றுவிடும்.

உண்மையான பாரம் தரவில் இருக்கிறது. கோஹா பெரும்பாலும் மார்க் 21 என்ற நூற்பட்டியல் பதிவு முறையில் இயங்குகிறது: முதன்மை ஆசிரியருக்கு 100, தலைப்புக்கு 245 எனத் தனித்தனிப் புலங்கள். பழைய பட்டியலில், எக்செல் தாளின் ஒரே கட்டத்தில் ஆசிரியர், பதிப்பாசிரியர், உரையாசிரியர் மூவரையும் போட்டு வைத்திருந்தால் ஒவ்வொரு நூலாகப் பிரித்தெழுத வேண்டும்.

தமிழ் நூல்களுக்கு வேலை இரட்டிப்பு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியவை கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துகள்தான். யூனிகோடுக்கு மாற்றாமல் தேட முடியாது. யூனிகோடிலும் சிக்கல் உண்டு. ‘கொ’ என்பதைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் பதியலாம், இரண்டு குறிகளாகவும் பதியலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கோஹாவின் ஸீப்ரா தேடுபொறியில் ஐசியு என்ற யூனிகோடு அமைப்பைச் சரியாகப் பொருத்தினால் இது தீரும். ஆனால் ‘ஔவையார்’ என்பதை ஒ, ள என்று தனித்தனியாகத் தட்டி ‘ஒளவையார்’ ஆக்கியிருந்தால் அந்த அமைப்பும் கைகொடுக்காது. அவரது நூல் அலமாரியில் இருக்கும், மாணவருக்கோ ‘இல்லை’ என்று திரை சொல்லும்.

பெயர்களும் அப்படியே. உ.வே.சா., உ. வே. சாமிநாதையர், சாமிநாத ஐயர் என மூன்று விதமாகப் பதிந்தால், ஒருவர் மூவராகச் சிதறுவார். இவற்றை ஒரே பெயர்த்தலைப்பின் கீழ் கொண்டுவரத் தமிழ் நூல்களை அறிந்த மனிதர் வேண்டும். மென்பொருளில் மிச்சமாகும் தொகையை முதலில் இவருக்குத்தான் ஒதுக்க வேண்டும் என்பேன்.

சர்வர் பராமரிப்பை வெளி நிறுவனத்திடம் விடுவதில் தவறில்லை. ஆனால் சர்வரின் நிர்வாகக் கடவுச்சொல் நூலகத்திடமும் இருக்க வேண்டும். தினசரி பேக்கப்பின் ஒரு பிரதி நூலகத்துக்கு வர வேண்டும்; அதை வேறொரு கணினியில் ஏற்றி, கோஹா இயங்குகிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். இவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்காவிட்டால், திறமூல மென்பொருளை வைத்துக்கொண்டும் ஒரே நிறுவனத்தின் கையை எதிர்பார்த்திருக்க நேரும்.