எம்.பி.க்கு ஒரு கடிதம்: நிவாரணம், மண்சரிவு, நாம் கேட்க வேண்டியவை

லயத்துக் கூரைத் தகரம் பறந்தால் துரையிடம் சொல்கிறோம். சம்பளத்தில் பேர் விட்டுப்போனால் கணக்கப்பிள்ளையிடம் சொல்கிறோம். அவர் கவனிக்காவிட்டால் தோட்டத் தலைவரிடம் போகிறோம். தலைவர் சங்கக் காரியாலயத்துக்குப் போகிறார். அதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது. நாம் வோட்டுப் போட்டுப் பாராளுமன்றத்துக்கு அனுப்பி வைத்தவருக்கு நாமே எழுதுவது, அல்லது போன் எடுத்துப் பேசுவது. இந்தப் படி நம்மில் பலருக்கு ஞாபகத்துக்கு வருவதே இல்லை.

"நாம எழுதி என்னா நடக்கப்போகுது?" என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றார்கள். மறு வருஷமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் கையை விட்டுப் போயிற்று. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் நம்மைத் தலை எண்ணிப் பங்கு போட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சப் பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. 1977இல்தான் நுவரெலியா - மஸ்கெலியா தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான் தேர்தலில் வென்று பாராளுமன்றம் போனார். நாடற்றவர் என்ற பெயர் முழுதாக நீங்குவதற்கு 1988ஆம், 2003ஆம் வருஷத்துச் சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாம் வோட்டுப் போட்டு அனுப்பிய ஆள் என்று ஒருவர் இல்லாத காலம் ஏறத்தாழ இருபத்தைந்து வருஷம் நீடித்திருக்கிறது. கடிதம் எழுதும் பழக்கம் எங்கிருந்து வரும்?

இன்று நுவரெலியா மாவட்டத்துக்கு எட்டு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். தொகுதிக்கு ஒருவர் என்ற பழைய முறை இப்போது இல்லை. ஆகவே அட்டன்காரருக்கு ஒருவர், இராகலைக்காரருக்கு ஒருவர் என்று கிடையாது. எட்டுப் பேரும் மாவட்டம் முழுவதற்கும் பொறுப்பானவர்கள். நீங்கள் எந்தக் கட்சிக்கு வோட்டுப் போட்டீர்கள் என்பது இங்கே பேச்சில்லை. எட்டுப் பேருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பலாம். அனுப்புவதே நல்லது என்பது எமது எண்ணம். ஒருவர் மறந்தாலும் இன்னொருவர் கேட்பார். இருவர் கையிலும் அதே கடிதம் இருப்பது தெரிந்தால் இருவருமே கொஞ்சம் விழிப்பாக இருப்பார்கள்.

அப்படி எழுத வேண்டிய விஷயம் என்ன? இரண்டு விஷயங்களைச் சொல்கிறோம். தனித்தனியாகத் தெரிந்தாலும் லயத்தில் இருப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை.

முதலாவது அஸ்வெசும. சமுர்த்திக்குப் பதிலாக 2023 ஜூலையில் இந்த நலன்புரிக் கொடுப்பனவு தொடங்கியது. வறிய குடும்பத்துக்கு மாதம் 8,500 ரூபா, மிக வறிய குடும்பத்துக்கு 15,000 ரூபா என்று இருந்தது, 2025 ஜனவரியிலிருந்து 10,000, 17,500 என்று கூடியது. இந்தத் தொகை எப்படிக் கூடியது? அரசாங்கம் தீர்மானித்தது, பாராளுமன்றம் பணம் ஒதுக்கியது. யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதும் அப்படித்தான். 2002ஆம் வருஷத்து 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் வர்த்தமானியில் வெளியான விதிகளை வைத்தே வீட்டு நிலை, சொத்து, கல்வி, சுகாதாரம் என்று புள்ளி போடுகிறார்கள்.

அந்தப் புள்ளிக் கணக்கு லயத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்பதுதான் கேள்வி. ஒரு காம்பராவும் ஒரு குசினியும். அதற்குள் தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பிள்ளைகள். இது ஒரு குடும்பமா, இரண்டா? லயத்துச் சுவர் செங்கல்லோ கருங்கல்லோ, கூரை தகரம். படிவத்தில் பார்த்தால் நிரந்தர வீடு மாதிரித்தான் தெரியும். ஆனால் அந்தக் காம்பராவை விற்க முடியாது, ஈடு வைக்க முடியாது, பலருக்கு ஓர் ஓட்டைக் காகிதம்கூட இல்லை. செக்ரோலில் பேர் இருப்பதால் மாதச் சம்பளக்காரர் என்று எழுதப்படும். மழையில் கொழுந்து குறைந்த மாதத்தில் எத்தனை அரைப்பேர் விழுந்தது என்று யார் எழுதுவது? உங்கள் வீட்டுக்கு மட்டும் கிடைக்கவில்லை என்றால் பிரதேச செயலகத்தில் மேன்முறையீடு செய்யலாம், அது வேறு வழி. புள்ளி போடும் முறையே லயத்துக்குப் பொருந்தவில்லை என்றால் அதைப் பிரதேச செயலாளரால் மாற்ற முடியாது, எம்.பி.க்கள்தான் கேட்க வேண்டும்.

இரண்டாவது மழையும் மலையும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த இடம் ஆபத்தானது, மக்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போவதற்குக் காணி இல்லை, வீடு இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் மிக மோசமாக அடிபட்டன. உலகம் சூடேறச் சூடேற மழை கொஞ்ச நேரத்தில் கொட்டித் தீர்க்கும் என்று விஞ்ஞானிகள் வெகுகாலமாகச் சொல்லி வந்தார்கள். அந்தச் சூட்டுக்கு நமது கொழுந்துக் கூடை காரணமில்லை என்பது வேறு கதை.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மூன்று நிற எச்சரிக்கை கொடுக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் மஞ்சள், 100 என்றால் செம்மஞ்சள், 150 என்றால் சிவப்பு. சிவப்பு வந்தால் வெளியேற வேண்டும். வெளியேறிக் கோயிலிலோ பாடசாலையிலோ இருக்கிற நாளுக்குப் பேர் உண்டா? 2026 வரவுசெலவுத் திட்டத்தில் நாட்சம்பளம் 1,550 ரூபா என்றும், வேலைக்கு வருகிறவர்களுக்கு அரசாங்கம் நாளுக்கு 200 ரூபா கொடுக்கும் என்றும் அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். பக்கத்து மலை வேலைக்குத் திறந்திருக்க, சிவப்பு எச்சரிக்கைக்குப் பயந்து ஒரு தாய் பிள்ளைகளோடு கோயிலில் இருந்தால் அவளுக்கு அன்று 1,750 ரூபா நட்டம். இரண்டாவது தடவை எச்சரிக்கை வரும்போது அவள் யோசிப்பாள். மூன்றாவது தடவை போகமாட்டாள். நிவாரணமும் மண்சரிவும் பின்னியவை என்று சொன்னது இதனால்தான். வெளியேறும் நாளுக்கு ஒரு கொடுப்பனவு என்று சட்டத்திலோ பட்ஜட்டிலோ எழுதி வைத்தால் அது உயிரைக் காக்கும்.

வீட்டு நட்டஈட்டிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. புயலுக்குப் பிறகு முழுதாக இடிந்த வீட்டுக்கு 50 லட்சம் ரூபா வரை என்று அரசாங்கம் அறிவித்தது. வீடும் காணியும் கம்பனியின் குத்தகையில் இருக்க, குடியிருந்தவர் தொழிலாளி. அந்தப் பணம் யார் பேரில் வரும்? எந்தக் காணியில் கட்டுவது? வாய்ப்பேச்சில் பதில் வாங்கினால் அது அடுத்த மழை வரைதான் நிற்கும். எழுத்தில் கேட்போம், எழுத்தில் பதில் வரட்டும்.

வெளிநாட்டுப் பணமும் இதில் இருக்கிறது. 2022இல் எகிப்தில் நடந்த உலக காலநிலை மாநாட்டில், வறிய நாடுகளின் இழப்புக்கும் சேதத்துக்கும் ஒரு நிதியம் வைப்பதென்று தீர்மானமாயிற்று. அப்படி ஏதும் வந்தால் கொழும்புக்குத்தான் வரும். கொழும்பிலிருந்து டிவிசனுக்கு வருவது நமது எம்.பி.க்கள் கேட்பதைப் பொறுத்தது.

கேட்டால் சட்டம் மாறுமா? மாறியிருக்கிறது. 1987ஆம் வருஷத்துப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவு செய்யத் தடையாக நின்றது. வோட்டு நமது, ரோட்டு நமதல்ல என்ற நிலை. பல வருஷம் பலரும் கேட்டுக் கேட்டு 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. ஒரே ஒரு பிரிவுதான்.

இனி எழுதும் விதம். "எனக்கு ஒரு வீடு தாருங்கள் ஐயா" என்று எழுதினால் அது சலுகைக் கடிதம். அதை எம்.பி.யின் செயலாளர் ஒரு கோப்பில் போடுவார். எங்கள் டிவிசனுக்கு, எல்லா லயத்துக்கும் இந்த விதி வேண்டும் என்று எழுதினால் அவர் சபையில் எழுந்து பேச ஒரு விஷயம் கிடைக்கிறது. மாதிரிக்கு ஒன்று தருகிறோம்:

"நாங்கள் ......... தோட்டம், ......... டிவிசனில் குடியிருக்கும் ......... குடும்பத்தார். எமது லயங்களுக்கு மேலுள்ள மண்மேட்டில் ......... ஆம் திகதி மழையில் வெடிப்புக் கண்டுள்ளது. அந்த மழையில் ......... நாட்கள் கோயிலில் தங்கினோம். அந்த நாட்களுக்குச் சம்பளம் கிடைக்கவில்லை. எச்சரிக்கையின்பேரில் வெளியேறும் நாட்களுக்குக் கொடுப்பனவு வழங்க அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்குமாறு தாங்கள் பாராளுமன்றத்தில் கேட்க வேண்டும். எமது டிவிசனை ஆய்வு செய்த அறிக்கை உண்டா, மாற்றுக் காணி எங்கே என்பதையும் எமக்கு எழுத்தில் அறிவிக்கவும்."

இவ்வளவு போதும். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். திகதியும் எண்ணிக்கையும் உண்மையானதாக இருக்கட்டும், நூறை ஆயிரமாக்க வேண்டாம். கையெழுத்துப் போடும்போது பெண்கள் பின்னால் நிற்க வேண்டாம்; கொழுந்து பறிப்பவர்கள் அவர்கள்தானே. தமிழில் எழுதினால் போதும். அரசாங்க அலுவலகங்களோடு தமிழில் எழுதிப் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது, "சிங்களத்தில் எழுதிட்டு வாங்க" என்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது.

வரவுசெலவுத் திட்டம் வழக்கமாக நவம்பரில் வரும், டிசம்பரில் வாக்கெடுப்பு. ஆகவே செப்டம்பர், ஒக்டோபரில் கடிதம் போய்ச் சேர வேண்டும். தீபாவளி முற்பணக் கவலையில் அந்த மாதங்கள் ஓடிவிடும் என்பது எமக்கும் தெரியும். முகவரி: உறுப்பினரின் பெயர், பாராளுமன்றம், ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே. பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பத்து நாள் கழித்து அவருடைய காரியாலயத்துக்குப் போன் எடுத்து, "இன்ன திகதி கடிதம் கிடைச்சதா?" என்று மட்டும் மரியாதையாகக் கேளுங்கள். (வெடிப்பு இன்றைக்கே தெரிகிறது என்றால் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், லயத்தை விட்டு வெளியேறி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு உடனே பேசுங்கள்.)

பதில் வராவிட்டால் இரண்டு வழி. 2016ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, உங்கள் டிவிசன் பற்றிய மண்சரிவு ஆய்வு அறிக்கையைக் கேட்டு உரிய நிறுவனத்துக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். மற்றது பொதுமனு. பாராளுமன்றத்தில் பொதுமனுக்கள் பற்றிய குழு ஒன்று இருக்கிறது. மனுவை நேரே அனுப்ப முடியாது, ஓர் எம்.பி. அதைச் சபையில் சமர்ப்பிக்க வேண்டும். எட்டுப் பேரில் யார் பதில் எழுதினார் என்று அப்போது பார்த்து, அவரிடம் கொடுங்கள். முதல் கடிதத்தின் பிரதியையும் தபால் ரசீதையும் மனுவோடு இணைக்க வேண்டியிருக்கும், அதனால் இரண்டையும் மழைத் தண்ணீர் படாத இடத்தில் பொலித்தீன் பையில் வையுங்கள்.