தோல்வட்டாரக் குடிகளின் கொடிவழி: சான்றுகளும் அவற்றை ஆளும் முறையும்

ஒரு குடியின் கொடிவழியை ஆராயப் புகுவார்க்கு முதற்கண் எதிர்ப்படும் இடர், சான்றுகள் எல்லாக் குடிகட்கும் ஒப்பக் கிடையாமையே ஆகும். வேந்தர்க்கு மெய்க்கீர்த்தி உண்டு. கோயிற்குக் கொடை வழங்கியோர்க்குக் கல்வெட்டு உண்டு. நிலம் உடையார்க்குப் பட்டயம் உண்டு. உழைத்துண்டு வாழ்ந்த பெருந்தொகையினர்க்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. புறநானூற்றின் 82-ஆம் பாட்டில், ஊரில் விழா நெருங்க, மனைவி மகப்பேற்று நோவில் கிடக்க, மழையும் பெய்ய, வாரினால் கட்டில் பிணிக்கும் தொழிலாளன் ஒருவனது கை விரைவைப் போர் விரைவுக்கு உவமை ஆக்குகின்றார் புலவர். பாடிய சாத்தந்தையார் பெயரை அறிவோம். பாடப்பெற்ற பெருநற்கிள்ளியின் பெயரையும் அறிவோம். தோல்வார் ஏந்திய அக்கைக்குரியோன் பெயரை அறியோம். இந்நிலை சங்க காலத்தோடு ஒழிந்ததன்று. வேலூர், ஆம்பூர் வட்டாரத்துத் தோல் தொழிற் குடிகளின் வரலாற்றைத் தேடுவார் இன்றும் இதனையே எதிர்கொள்கின்றனர்.

ஈண்டுத் தோல்வட்டாரம் என்றது பாலாற்றையும் அதன் துணையாறுகளையும் ஒட்டி அமைந்த வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, குடியாத்தம், வேலூர், மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிடும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பகுதியில் வணிகத் தொழிலாக வளர்ந்தது. 1856-இல் சென்னை இராயபுரத்தினின்றும் வாலாசா சாலை வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டபின், சென்னைப் பெரியமேட்டுத் தோல் மண்டிக்கும் அங்கிருந்து இலண்டனுக்கும் சரக்குச் செல்லுதல் எளிதாயிற்று. முதலிட்டோர் பெரும்பாலும் முசுலிம் வணிகர். குழியில் இறங்கி உழைத்தோரோ சுற்றுச் சிற்றூர்களினின்றும் பெயர்ந்து வந்த ஒடுக்கப்பட்ட குடியினரும் ஏழை முசுலிம்களும் ஆவர். ஆகவே இவ்வட்டாரத்து நகர்க் குடிகளுட் பல மூன்று நான்கு தலைமுறைக்குமுன் வேற்றூர்க் குடிகளாக இருந்தவை. தேடுவார் முதலில் விடை காணவேண்டிய வினா, 'எம் பாட்டன் யார்' என்பதன்று. 'எம் பாட்டன் எவ்வூரினன்' என்பதே.

ஊர் தெரிந்த பின்னும், அவ்வூர் அக்காலத்து எந்த மாவட்டத்தைச் சார்ந்திருந்தது என்பதை அறிதல் வேண்டும். இதில் வழுவினால் ஆண்டுக்கணக்காக ஆவணக் காப்பகத்தில் அமர்ந்தும் பயன் இராது. பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்திற்கு 1911 வரை சித்தூரே தலைநகர். பலமனேரி, சந்திரகிரி, திருப்பதி முதலிய பகுதிகள் அதனுள் அடங்கியிருந்தன. ஆம்பூர் அம்மாவட்டத்து வேலூர் வட்டத்தைச் சார்ந்தது. ஆம்பூரினின்றும் மிகத் தொலைவில் இல்லாத வாணியம்பாடியோ, திருப்பத்தூர் வட்டத்தோடு சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமானபோதே திருப்பத்தூர் வட்டம் வட ஆர்க்காட்டோடு இணைந்தது, வேலூர் தலைநகராயிற்று. 1989-இல் வட ஆர்க்காடு இரண்டாகப் பிரிந்தது. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, ஆம்பூரும் வாணியம்பாடியும் புதிய திருப்பத்தூர் மாவட்டத்தின்பாற் பட்டன. ஆகவே வாணியம்பாடிப் பாட்டன் ஒருவனைத் தேடுவார் 1911-க்கு முற்பட்ட காலத்திற்குச் சேலம் ஆவணங்களையும், பிற்பட்டதற்கு வட ஆர்க்காட்டு ஆவணங்களையும் புரட்டல் வேண்டும். இவற்றின் மேல்நிலை ஆவணங்கள் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

எழுத்துச் சான்றுக்கு முன் வாய்மொழிச் சான்றைத் திரட்டுதலே முறை. ஏடு காத்திருக்கும், முதியோர் காத்திரார். ஆயின் முதியோரிடம் ஆண்டைக் கேட்டல் வீண். நிகழ்ச்சியைக் கேட்டல் வேண்டும். 'தாது வருடப் பஞ்சத்தில் வந்தோம்' என்று கூறும் குடிகள் இப்பகுதியில் உண்டு. அது 1876-ஆம் ஆண்டு தொடங்கிய பெரும்பஞ்சம். 1903 நவம்பரில் பாலாறு பெருகி வாணியம்பாடியை அழித்த வெள்ளம் மற்றோர் எல்லைக்கல். அது சோபகிருது ஆண்டு. வெள்ளத்தின்போது பாட்டி கைக்குழந்தை எனின் அவள் பிறப்பு ஏறத்தாழ 1902 என்பது போதரும். தமிழாண்டுப் பெயர்கள் அறுபதாண்டுக்கு ஒருமுறை மீளுதலின், 'தாதுவில் பிறந்தவர்' என்பது 1876-ஐயும் 1936-ஐயும் ஒருங்கே குறிக்கவல்லது என்பதையும் மறத்தலாகாது. முசுலிம் கல்லறைகளில் ஹிஜ்ரி ஆண்டு காணப்படும். அவ்வாண்டு ஏறத்தாழ 354 நாட்களே கொண்டதாதலின், நிலையான ஓர் எண்ணைக் கழித்து ஆங்கில ஆண்டு காணமுயல்வது பிழை தரும். ஹிஜ்ரி 1300 என்பது 1882 நவம்பரில் தொடங்கிற்று என்பதைக் கைக்கொண்டு, அங்கிருந்து முன்னும் பின்னும் எண்ணுதல் நன்று.

பெயரிடும் வழக்கமும் உதவும், இடரும் தரும். பெயரன் என்ற சொல்லே பேரன் எனத் திரிந்தது. பாட்டன் பெயரைத் தாங்குவோன் என்பது அதன் பொருள். முதல் மகனுக்குத் தந்தையின் தந்தை பெயரை இடும் வழக்கு இருந்த குடியில், தெரியாத பாட்டன் பெயரைத் தெரிந்த பேரன் பெயரால் உய்த்துணரலாம். ஆயின் முனிசாமி மகன் சின்னசாமி, சின்னசாமி மகன் முனிசாமி எனப் பெயர்கள் ஒன்றுவிட்டு ஒன்று மீளும்போது, இரு தலைமுறையினரை ஒருவராக மயங்குதல் எளிது. இத்தகைய இடங்களில் மனைவியின் பெயரே தெளிவு தரும். குடிவரலாறு எழுதுவோர் மகளிர் பெயரை விடுத்து ஆண்வழியை மட்டும் வரைவது முறையன்று என்பதோடு, ஆராய்ச்சிக்கும் கேடு என்பது எம் கருத்து.

ஊரை அறிதற்குக் குலதெய்வத்தினும் சிறந்த சான்று இல்லை. தோல்ஷாப்பு வேலைக்கென ஆம்பூருக்கோ பேரணாம்பட்டுக்கோ பெயர்ந்த குடி, வீட்டையும் நிலத்தையும் விட்டிருப்பினும் குலதெய்வத்தை விடுவதில்லை. குழந்தைக்கு முடியிறக்கச் செல்லும் கோயில் எவ்வூர் எல்லையில் உளதோ, அவ்வூரே பெரும்பாலும் பழைய ஊர். அங்கு உடன்பொங்கலிடும் பங்காளிகளே கொடிவழியின் பிற கிளைகள். இறப்புத் தீட்டு யார் யாருக்கு உண்டு என்று வினவின், எழுதப்படாத கொடிவழி ஒன்று முழுமையாக வெளிப்படும். கிறித்தவம் தழுவிய குடிகளில் இச்சான்று அறுந்துவிடும். ஆனால் அவ்விடத்தை நிரப்பத் திருமுழுக்குப் பதிவேடு உண்டு. ஸ்கடர் குடும்பத்தாரால் 1853-இல் அமைந்த அமெரிக்க ஆர்க்காடு மிஷனும், 1895-இல் கிருஷ்ணகிரியில் தொடங்கி ஆம்பூருக்குப் பரவிய மிசூரி லுத்தரன் மிஷனும் இப்பகுதியில் பணிபுரிந்தவை. திருச்சபைப் பதிவேடுகள் பழம்பெயர், புதுப்பெயர், தந்தை பெயர், ஊர் ஆகியவற்றை ஒரே வரியில் தருமிடத்து, அவ்வொரு வரி நூறு கதைக்கு ஈடாகும். பெயர் மாறிய நாளே பதிவான நாளுமாக இருத்தலின், ஐயத்திற்கு இடம் குறைவு.

அரசுப் பதிவேடுகளுட் பிறப்பு இறப்புப் பதிவையே பலரும் முதலில் நாடுவர். சென்னை மாகாணத்தில் இதற்கென 1899-இல் ஒரு சட்டம் இயன்றது. நாடு முழுமைக்குமான சட்டம் 1969-இல் வந்தது. சிற்றூர்ப் பதிவு நெடுங்காலம் ஊர் அலுவலர் கையில் இருந்தது. மேலும், பிறப்பைப் பதியும் நாளில் குழவிக்குப் பெயரிட்டிரார். ஆகவே பல பதிவுகளில் குழவியின் பெயர் இராது. தந்தை பெயரும் ஆண், பெண் என்ற குறிப்புமே இருக்கும். பெயரைத் தேடிச் சென்று 'இல்லை' என மீள்வோர், தந்தை பெயரால் மீண்டும் தேடல் வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்துப் பத்திரங்கள் இவற்றினும் செறிவுடையன. பழைய கிரயப் பத்திரமோ அடமானப் பத்திரமோ, 'இன்ன ஊரில் இருக்கும் இன்னார் மகன் இன்ன சாதி இன்ன தொழில்' என ஆளைக் கூறும். பாகப்பிரிவினைப் பத்திரமாயின் உடன்பிறந்தார் அனைவரும் அதில் வருவர். நிலம் இல்லாதோர்க்குப் பத்திரம் ஏது என்று வினவலாம். வினா சரியே. ஆயினும் ஊர்ப்பணி மானியம் பெற்றோர் உளர். கவலை ஏற்றத்தின் தோற்பறியைத் தைத்தும் செருப்பும் வாரும் செய்தும் ஊருக்கு உழைத்தோர் களத்தில் மேரை பெற்றனர். சில ஊர்களில் பணிக்குச் சிறுநிலமும் விடப்பட்டிருந்தது. 1858-இல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடுகளில் அத்தகைய மானியங்கள் ஊர்தோறும் ஆராயப்பட்டுள்ளன. நிலமற்ற குடி எனத் தம்மைக் கருதுவோரும் அப்பதிவேட்டை ஒருமுறை காணல் தகும். 1980-இல் பரம்பரை ஊர் அலுவல்கள் ஒழிந்தபோது, கர்ணத்தின் வீட்டில் இருந்த பழங்கணக்குகள் எல்லாம் அலுவலகம் வந்தடைந்தன என்று கொள்வதற்கில்லை. அவ்வீடுகளில் இன்றும் கேட்டுப் பார்த்தல் வேண்டும்.

இனி, இவ்வட்டாரத்து ஏழைக் குடிகட்குக் கிடைக்கும் சான்றுகளுள் தலையாயது எங்கே உளது என்பதைக் கூறின் வியப்பாக இருக்கும். அது கடல் கடந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ளது. 1860 நவம்பர் 16-ஆம் நாள் சென்னையினின்றும் சென்ற 'துரூரோ' என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகளோடு நேட்டாலை அடைந்தது. 1911 வரை அவ்வாறு சென்றோர் 1,52,184 பேர். இவருள் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தினின்றும் ஏறியோர். சென்னை மாகாண மாவட்டங்களுள் வட ஆர்க்காடு மிகுதியாக ஆளனுப்பியவற்றுள் ஒன்று. கரும்புத் தோட்டத்து முதலாளிக்கு ஆள் அடையாளம் வேண்டியிருந்தமையின், கப்பல்தோறும் பட்டியல் எழுதப்பட்டது. ஒவ்வொருவர்க்கும் ஓர் எண். பின் பெயர், தந்தை பெயர், அகவை, பால், சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உயரம், உடலிலுள்ள அடையாளம் எனக் கட்டங்கள். ஒப்பந்தம், திருமணம், இறப்பு, தாயகம் மீளல் யாவும் அவ்வெண்ணைக் கொண்டே பதியப்பட்டன. இப்பட்டியல்களை ஆராய்ந்து சுரேந்திர பாணா 1991-இல் ஒரு நூல் வெளியிட்டார். பின்னர் இவை கணிப்பொறியில் ஏற்றப்பட்டமையால், இன்று ஓர் எண்ணைக் கொண்டு ஊரை அடைதல் கூடும்.

இதன்கண் ஒரு முரண் உளது. ஊரிலேயே தங்கி உழைத்து மடிந்த அண்ணனைப் பற்றி ஒரு வரியும் எஞ்சவில்லை. கப்பலேறிய தம்பிக்கோ, நெற்றித் தழும்பு எப்பக்கம் என்பது வரை எழுத்தில் உண்டு. ஊர்க் கணக்கில் 'இன்னான் பெண்டாட்டி' எனக் கூறப்பட்டிருக்கக்கூடிய பெண், கப்பற் பட்டியலில் தன் பெயரோடும் தன் தந்தை பெயரோடும் தனி எண்ணோடும் நிற்கின்றாள். அடிமைத்தனத்தை ஒத்த ஒரு முறை தன் ஆதாயத்துக்காக எழுதிய ஏடு, இன்று அம்மக்களின் பெயரர்க்குக் கிடைத்த ஒரே கொடிவழி ஏடாக அமைந்துவிட்டது. அதற்காக அம்முறைக்கு நன்றி கூறவேண்டுவதில்லை. ஏட்டைப் பயன்கொள்ளத் தயங்கவும் வேண்டுவதில்லை. தாயகத்தில் இருப்போரும் இதனை நாடலாம். வீட்டில் 'பெரிய பாட்டன் தம்பி நேட்டாலுக்குப் போனார், திரும்பவில்லை' என்ற பேச்சு இருப்பின், அத்தம்பியின் வரியில் காணும் தந்தை பெயரே இங்குள்ளோரின் மூதாதை பெயரும் ஆம்.

பட்டியலைக் கையாள்வதில் மூன்று எச்சரிக்கை வேண்டும். எழுதியோர் ஆங்கில எழுத்தில் எழுதினர். முனிசாமி 'மூன்சாமி' ஆனதும், நாயுடு 'நைடூ' ஆனதும் இன்றைய தென்னாப்பிரிக்கப் பெயர்களில் கண்கூடு. ஊர்ப்பெயர்கள் இதனினும் சிதைந்தவை. கண்ணாற் படியாது, வாய்விட்டு உரக்கப் படித்து, வட்டத்து ஊர்ப்பட்டியலோடு ஒப்பிடுதலே வழி. அடுத்து, 'வட ஆர்க்காடு' என்ற குறிப்பு இன்றைய வேலூரையே சுட்டும் என்று துணிதல் ஆகாது. சித்தூர்ப் பகுதியினரும் அக்குறிப்பினுள் அடங்குவர். மூன்றாவது சாதிக் கட்டம். அது சென்றவர் சொன்னதா, ஆள்பிடிப்போன் சொன்னதா, எழுத்தன் கருதியதா என்பது வரியைக்கொண்டு தெளியப்படாது. பழஞ்சாதியைக் கப்பலோடு கரையில் விட்டுச்செல்ல விழைந்தோர் உயர்ந்ததாகக் கருதப்பட்ட பெயரைக் கூறியிருத்தலும் கூடும். ஆகவே அக்கட்டத்தை மட்டும் கொண்டு ஒரு குடியை ஏற்றவும் வேண்டா, விலக்கவும் வேண்டா.

சாதிக் கட்டத்தைப் பற்றி மேலும் ஒன்று கூறுதல் கடன். தோல் தொழிற் குடியில் பிறந்து கல்வியால் உயர்ந்தோர் சிலர், முன்னோரைத் தேடத் தொடங்கி, இழிபெயராக எழுதப்பட்ட ஒரு சொல்லைப் பழம்பத்திரத்தில் கண்டு, தேடலை அங்கேயே நிறுத்துதல் உண்டு. அச்சொல் எழுதியோனின் சமூகத்தைக் காட்டுவது. எழுதப்பட்டவனின் தகுதியைக் காட்டுவதன்று. ஆயினும் வீட்டார் விரும்பாதவிடத்து அதனை அச்சேற்றும் உரிமை ஆராய்ச்சியாளனுக்கு இல்லை. படியெடுக்கும்போது மூலத்தில் உள்ளவாறே எழுதி, வெளியிடும்போது வீட்டார் இசைவைப் பெறுதல் வேண்டும். மூலத்தைத் திருத்தி நல்ல சொல் பெய்து எழுதுதல் இரு தரத்தார்க்கும் தீங்கு. பின்வரும் ஆராய்ச்சியாளன் வழிதவறுவான், முன்னோன் பட்ட துயரும் மறைந்துபோம்.

வணிகக் குடிகளின் நிலை வேறு. அவர்கட்குப் பள்ளிவாசல் கணக்கு, வக்பு ஆவணம், மண்டிக் கணக்கு, மணப்பதிவு எனப் பல உண்டு. ஒரு நுட்பம் மட்டும் கூறி அமைவோம். இவ்வட்டாரத்து முசுலிம் பெயர்களின் முன்னிற்கும் முதலெழுத்துகளில் தந்தை பெயரேயன்றி வீட்டுப்பெயரும் ஒளிந்து நிற்றல் உண்டு. எழுத்து எதன் குறுக்கம் என்பதை வீட்டு முதியோரிடமே கேட்டறிதல் வேண்டும்.

தொழிலாளர்க்குரிய பிற்காலச் சான்று தொழிலகத்துச் சம்பளப் பதிவேடும் வருகைப் பதிவேடும் ஆகும். சுண்ணாம்புக் குழியில் நின்றோர், சதை சீவியோர், பட்டை இடித்தோர் ஆகியோரின் பெயர்கள் முதன்முதல் ஒழுங்காக எழுதப்பட்டவை இவற்றிலேதான். 1996-இல் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றிய வழக்கில் தீர்ப்பளித்தது. அதன் பின்னர் மூடுண்ட தொழிலகங்களின் பதிவேடுகளைக் காக்கும் கடமை எவருக்கும் விதிக்கப்படவில்லை. பழைய கட்டடங்கள் இடிபடுமுன் அவற்றைக் கேட்டுப் பெற்றுப் படியெடுத்தல், இவ்வட்டாரத்துக் கல்லூரித் தமிழ்த்துறை, வரலாற்றுத்துறை மாணவர் இவ்வாண்டே தொடங்கத்தக்க பணி. பெயர், தந்தை பெயர், சொந்த ஊர், சேர்ந்த ஆண்டு, செய்த வேலை என ஐந்து கட்டங்கள் எழுதினால் போதும்.