செரிமான நொதி மருந்துகள்: யாருக்கு இன்றியமையாதவை, யாருக்குத் தேவையற்றவை?

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வரை பரவியுள்ள தொழிற்சாலைகளில் பணி மூன்று ஷிப்டுகளாக நடைபெறுகிறது. ஷிப்டு மாறும்போது உணவு வேளையும் மாறுகிறது. வயிற்று உப்புசம், ஏப்பம், நெஞ்செரிச்சல் என்று எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வருவோரில் பலர், அதற்கு முன்பே மருந்துக்கடையில் செரிமான சிரப் ஒன்றை வாங்கிப் பல வாரங்கள் அருந்தியிருக்கின்றனர். மறுபுறம், நொதி மருந்தை நாள்தோறும் உட்கொள்ள வேண்டிய நோயாளிகள் சிலர், விலை அதிகம் என்றும் உடல் தேறிவிட்டது என்றும் கருதி அதை இடையில் நிறுத்திவிடுகின்றனர். இவ்விரண்டில் இரண்டாவதே பெரிய இழப்பைத் தருவது. ஆகவே, இம்மருந்துகள் எவ்வாறு செயல்படுகின்றன என்பதை இங்கு விளக்குகிறோம்.

நொதிகளின் பணி

நாம் உண்ணும் சோறும் பருப்பும் எண்ணெயும் அப்படியே இரத்தத்தில் கலப்பதில்லை. அவற்றை நுண்ணிய கூறுகளாகப் பிரிப்பவை என்சைம்கள் எனப்படும் நொதிகள். உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் மாவுச்சத்தையும், இரைப்பையில் உள்ள பெப்சின் புரதத்தையும் பிரிக்கத் தொடங்குகின்றன. ஆயினும் பெரும்பகுதி வேலையைச் செய்வது இரைப்பைக்குப் பின்புறம் அமைந்துள்ள கணையமே. அது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் செரிமான நீரைச் சுரக்கிறது. கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ் என்னும் நொதிக்கு நம் உடல் பெரிதும் கணையத்தையே சார்ந்துள்ளது.

கணையத்தின் சேமிப்புத் திறன் மிகப் பெரிது. லைபேஸ் சுரப்பு இயல்பான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்த பின்னரே மலத்தில் கொழுப்பு வெளிப்படத் தொடங்கும். எனவே, விருந்தில் பிரியாணி உண்ட நலமான ஒருவருக்கு வயிறு கனப்பது நொதிக் குறைபாட்டினால் அன்று; உண்ட அளவும் வேகமுமே பெரும்பாலும் காரணம்.

கணையம் நலிவுறும்போது

நாட்பட்ட கணைய அழற்சி, கணைய அறுவை சிகிச்சை, கணையப் புற்றுநோய், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோய் ஆகியவற்றால் நொதிச் சுரப்பு வற்றக்கூடும். நாட்பட்ட கணைய அழற்சிக்கு மதுவும் புகையிலையும் முக்கியக் காரணங்கள். ஆனால் மதுவைத் தொடாதவர்களுக்கும், இளம் வயதினருக்கும்கூட இந்நோய் வருவதுண்டு. கணையத்தில் கற்கள் உருவாகி, வயிற்றுவலியில் தொடங்கி, பின்னர் நீரிழிவாக முதிரும் வகை தென்னிந்தியாவில் நெடுங்காலமாக அறியப்பட்டுள்ளது. கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் கீவர்கீஸ் இந்நோயாளிகளை விரிவாக ஆராய்ந்து 1968-இல் நூலாக வெளியிட்டார். மரவள்ளிக்கிழங்கே இதற்குக் காரணம் என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது, அக்கருத்து நிறுவப்படவில்லை. நோயாளிகள் பலரிடம் ஸ்பிங்க்-1 என்னும் மரபணுவில் மாற்றம் இருப்பது பின்னர் அறியப்பட்டது. ஆதலால், கணைய நோய் உள்ளவரைக் கண்டதும் குடிப்பழக்கம் உடையவர் என்று முடிவு கட்டுவது தவறு.

நொதி வற்றியதைக் காட்டும் அடையாளங்கள் இவை: நன்கு உண்டும் எடை குறைதல், மலம் வெளுத்து, எண்ணெய்ப் பசையுடன், கடும் நாற்றத்தோடு, நீர் ஊற்றினாலும் எளிதில் போகாமல் ஒட்டிக்கொள்ளுதல், அடிக்கடி வயிற்றுப்போக்கு. கொழுப்போடு சேர்ந்து ஏ, டி, ஈ, கே ஆகிய வைட்டமின்களும் வெளியேறுவதால், நாளடைவில் மாலைக்கண், எலும்புத் தேய்மானம், இரத்தம் உறைவதில் குறை ஆகியவையும் நேரலாம். மலத்தில் உள்ள எலாஸ்டேஸ் அளவைக் கணிக்கும் பரிசோதனை இக்குறைபாட்டை அறிய உதவும். அந்த அளவு ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் கணையக் குறைபாடு உண்டோ என்று ஐயுற வேண்டும். 100-க்குக் கீழே இருந்தால் அதற்கான வாய்ப்பு மிக அதிகம்.

உட்கொள்ளும் முறை

இந்நோயாளிகளுக்குத் தரப்படுவது பான்கிரியாட்டின் கேப்சூல். முழு உணவுக்கு 40,000 முதல் 50,000 லைபேஸ் அலகுகளும், சிற்றுண்டிக்கு அதில் பாதியும் பெரியவர்களுக்கு வழக்கமான தொடக்க அளவாகும். உங்களுக்குரிய அளவை உங்கள் மருத்துவரே முடிவு செய்வார். பின்வரும் நெறிகளைக் கடைப்பிடித்தால்தான் மருந்து பயன் தரும்.

• உணவோடு சேர்த்தே விழுங்க வேண்டும். வெறும் வயிற்றிலோ, உண்டு முடித்து ஒரு மணி நேரம் கழித்தோ உட்கொண்டால் நொதியும் உணவும் குடலில் ஒன்றுசேரா. இரண்டு கேப்சூல்கள் எனில், முதல் கவளத்தோடு ஒன்றும் உணவின் நடுவில் மற்றொன்றும் கொள்ளலாம்.

• ஷிப்டு எதுவாயினும், கணக்கு கடிகாரத்துக்கு அன்று, உணவுக்கே. நள்ளிரவில் கேன்டீனில் உண்டால் அப்போதும் கேப்சூல் வேண்டும். வடை, பஜ்ஜி, ஒரு டம்ளர் பால் ஆகியவற்றுக்கும் தேவை. பால் கலக்காத தேநீருக்குத் தேவையில்லை.

• மெல்லவோ பொடிக்கவோ கூடாது. உள்ளிருக்கும் மணிகளின் மேலுறையே இரைப்பை அமிலத்திலிருந்து லைபேஸைக் காக்கிறது. விழுங்க இயலாதோர் கேப்சூலைத் திறந்து, மணிகளை ஒரு கரண்டி குளிர்ந்த தயிரில் கலந்து உடனே விழுங்கி, நீர் அருந்தலாம். சூடான சோற்றிலோ குழம்பிலோ கலக்க வேண்டாம். மணிகள் வாயில் தங்கினால் புண் உண்டாகும்.

• வெப்பம் நொதியைச் சிதைக்கும். வெயிலில் நிற்கும் இருசக்கர வாகனப் பெட்டியில் மருந்தை வைக்காதீர்கள்.

• எண்ணெயையும் நெய்யையும் தாமாக முற்றிலும் ஒதுக்க வேண்டாம். மெலிந்த உடல் மேலும் மெலியும். மதுவும் புகையிலையும் மட்டும் அறவே கூடாது.

இம்மருந்து பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது என்பதையும் நோயாளிகள் அறிந்திருக்க வேண்டும். சைவ உணவு நெறியாலோ சமய நெறியாலோ தயக்கம் உள்ளவர்கள் அதை எங்களிடம் வெளிப்படையாகக் கூறலாம்; தம் சமயப் பெரியோரையும் கலந்து பேசலாம். இதற்கு இணையாகச் செயல்படும் என்று உறுதி செய்யப்பட்ட தாவர நொதி மருந்து இன்று இல்லை. ஆதலால் கலந்து பேசுமுன் நிறுத்திவிட வேண்டாம். விலை சுமையாக இருந்தால், அளவைப் பாதியாக்குவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளோர் அதன் வழியாகப் பெற இயலுமா என்று கேட்டறியுங்கள்.

கடையில் கிடைக்கும் சிரப்

இவற்றில் பெரும்பாலும் இருப்பவை டயஸ்டேஸ், பெப்சின், பப்பாயின். டயஸ்டேஸைப் பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்து 1894-இல் காப்புரிமை பெற்றவர் ஜப்பானிய அறிவியலாளர் ஜோகிச்சி தகாமினே. பப்பாயின் பப்பாளிக்காயின் பாலிலிருந்து கிடைப்பது. முற்றிய ஆட்டுக்கறி வேகும்போது நம் வீடுகளில் பப்பாளிக்காய்த் துண்டு சேர்ப்பது இதன் ஆற்றலை அறிந்தே. ஆனால் சட்டியில் கறியை மென்மையாக்குவது வேறு, நெஞ்செரிச்சலைத் தணிப்பது வேறு. நெஞ்செரிச்சலுக்கும் இரைப்பைப் புண்ணுக்கும் நொதிக் குறைபாடு காரணம் அன்று. கணையம் நலிந்தோருக்கும் இந்த சிரப் போதாது. அவர்களுக்கு முதன்மையாக வேண்டிய லைபேஸ் இவற்றில் பெரும்பாலும் இருப்பதில்லை.

பால் அருந்தினால் மட்டும் வயிறு உப்புவோருக்கு லாக்டேஸ் குறைவு காரணமாகலாம். இது தென்னிந்தியப் பெரியவர்களிடம் மிகப் பரவலானது, நோய் அன்று. பாலைக் குறைத்து, தயிரும் மோரும் கொண்டாலே பலருக்குப் போதும். ஷிப்டு முடித்து வந்து உண்டவுடன் படுக்காமல், இரண்டு மூன்று மணி நேர இடைவெளி விட்டால் நெஞ்செரிச்சல் குறையும்.

நீரிழிவு உள்ளோர் கவனத்திற்கு

அகார்போஸ் போன்ற மாத்திரைகள் மாவுச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்திச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துகின்றன. அவற்றோடு நொதி சிரப் அருந்தினால் மாத்திரையின் பயன் குறையக்கூடும். கணைய நோயோடு நீரிழிவும் உள்ளவர்களுக்கு, பான்கிரியாட்டின் தொடங்கிய பின் உணவு நன்கு உட்கிரகிக்கப்படுவதால் சர்க்கரை உயரலாம். அதற்காக நொதி மருந்தை நிறுத்தாதீர்கள். இன்சுலின் அளவையே மருத்துவர் திருத்தி அமைப்பார்.

காலம் தாழ்த்தாமல் வர வேண்டிய நிலைகள்

காரணமின்றி எடை குறைதல், விழுங்குவதில் தடை, கறுத்த மலம் அல்லது மலத்தில் இரத்தம், மஞ்சள் காமாலை, தொடர் வாந்தி, இரத்தசோகை, முதுகுக்குப் பரவும் வயிற்றுவலி, ஐம்பது வயதுக்கு மேல் எடை குறைவோடு புதிதாகத் தோன்றும் நீரிழிவு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருப்பினும் சிரப் அருந்திக் காத்திருக்கலாகாது. குடல் காசநோயும் புற்றுநோயும் தொடக்கத்தில் வெறும் அஜீரணம் போலவே தோன்றக்கூடும். இவ்வடையாளங்கள் ஏதும் இல்லாவிடினும், இரண்டு வாரங்களைக் கடந்த வயிற்றுத் தொல்லைக்கு மருத்துவரைக் காண்பதே முறை. வரும்போது, இதுவரை உட்கொண்ட சிரப், மாத்திரை அட்டை அனைத்தையும் உடன் எடுத்து வாருங்கள். எதைத் தொடரலாம், எதை நிறுத்தலாம் என்பதை அவற்றைப் பார்த்தே கூறுவோம்.